அமானிதமாய் வந்த சின்சில்லா

பூனை வளர்ப்பவரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. சின்சில்லா வளர்க்கிறோம் என்றால் முதலில் அது என்ன என்று கேட்கிறார்கள். விளக்கிச் சொன்ன பின் ஏன் என்று கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லிப் பழகிவிட்டேன். ஆயினும் இரண்டாம் கேள்விக்கு நான் சொல்லும் விடை ஒவ்வொரு முறையும் சற்றே மாறிவிடுகிறது. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சொந்த ஊர் காயல்பட்டினம். இப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனும் நெடுநாளாக ஏதேனும் ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்று நச்சரித்து வந்தனர். 2022 மார்ச்சில், ஷஃபான் மாதத்தில், விலங்குக் காப்பகம் ஒன்றுக்குச் சென்றோம். அங்கே பலரும் பார்த்துவிட்டு நகர்ந்து போன ஒரு கூண்டின் மூலையில் சாம்பல் நிறப் பஞ்சுருண்டை ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தது. ஆண், வயது ஏழு, வளர்த்த மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார், பெயர் பெப்பர். காப்பகத்தின் தாளில் இருந்தவை இவ்வளவே. வீட்டுக்கு வரும் வழியிலேயே மகன் அப்பெயரைத் தமிழாக்கி ‘மிளகு’ என்று வைத்துவிட்டான்.

பலரும் நகர்ந்து போனதன் காரணம் அங்கிருந்த பணியாளர் சொன்னபோது விளங்கியது. வெள்ளெலி இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழ்ந்து முடித்துவிடும். சின்சில்லா நல்ல பராமரிப்பில் பத்து ஆண்டுகளைக் கடக்கும். இருபதை எட்டுவதும் உண்டு. ஏழு வயதான மிளகுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கலாம். என் மகளுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவள் படிக்கவோ மணமுடித்தோ எங்கோ போயிருப்பாள். கூண்டைத் துடைத்துக்கொண்டிருப்பவன் நானாகத்தான் இருப்பேன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையொப்பமிட்டேன். இந்நாட்டில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒரு பிராணியை வைத்திருப்பவர் அதன் உணவு, உறைவிடம், உடல்நலம் அனைத்துக்கும் பொறுப்பாளர் என்கிறது. நம் மொழியில் இதற்கு அமானிதம் என்று பெயர்.

உம்மாவிடம் அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். படத்தையும் அனுப்பினேன்.

“எலியையா வாப்பா வூட்டுல வச்சி வளக்குறிய?”

எலி இல்லை உம்மா, கொறிக்கும் இனம்தான், ஆனால் கினிப்பன்றிக்கு நெருங்கிய உறவு என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. “பன்றியா? அஸ்தக்ஃபிருல்லாஹ்!” விலங்கியலை உம்மாவிடம் விளக்கும் முயற்சியை அத்துடன் கைவிட்டேன். கினிப்பன்றிக்கும் பன்றிக்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை என்பதை என் தங்கை மறுநாள் எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்தாளாம்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர்தான் சின்சில்லாவின் தாயகம். மரமற்ற பாறைச் சரிவுகளில், பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமான வறண்ட காற்றில், பாறை இடுக்குகளைக் குடியிருப்பாக்கிக்கொண்டு கூட்டங்கூட்டமாக வாழ்ந்த உயிர் அது. அக்குளிருக்காக அல்லாஹ் அதற்கு அளித்த போர்வையே அதன் பகையாயிற்று. நம் தலையில் ஒரு மயிர்க்காலிலிருந்து ஒன்றோ இரண்டோ முடிகள் முளைக்கின்றன. சின்சில்லாவுக்கு ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இழைகள் முளைக்கின்றன. விரலால் தொட்டால் தொட்டது தெரியாத அளவுக்கு மென்மை. ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகள் அணியும் மேலங்கிகளுக்காக அதைக் கொன்று குவித்தார்கள். ஒரு முழு அங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மலைகள் வெறிச்சோடின. சிலி, பொலிவியா, பெரு, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளும் 1910இல் ஒப்பந்தம் செய்து வேட்டையைத் தடுக்க முயன்றன. அதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து பதினொரு சின்சில்லாக்களைக் கப்பலில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். தோலுக்காக வளர்த்துப் பெருக்குவதே நோக்கம். இன்று உலகெங்கும் வீட்டுக் கூண்டுகளில் இருக்கும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. மலையிலோ, சிலியில் இல்யாபெல் நகருக்கு அருகே 1983இல் அவற்றுக்கென்றே ஒரு காப்பகம் அமைக்க வேண்டிய அளவுக்கு எண்ணிக்கை சுருங்கிவிட்டது. இன்றும் அவை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் பின்னறையில் வைக்கோல் நிறப் புல்லைக் கொறித்துக்கொண்டிருக்கும் இந்த ஐந்நூற்று நாற்பது கிராம் எடையுள்ள உயிர், தோலுரிக்கப்படுவதற்காகக் கடல் கடத்தப்பட்டவற்றின் வாரிசாகவே இருக்கக்கூடும். இதை அறிந்த பின் ‘செல்லப்பிராணி’ என்ற சொல்லை என்னால் அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடியவில்லை.

இனி, வளர்ப்பு. ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் நம் கை என்ன செய்யத் துடிக்கிறதோ அதில் ஏறக்குறைய அனைத்தும் சின்சில்லாவுக்குத் தீங்கு. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எடுத்து அணைக்கத் தோன்றும். இறுகப் பிடித்தால் அது அஞ்சி, பிடித்த இடத்து முடியைக் கொத்தாக உதிர்த்துவிட்டுப் பாயும். கழுகின் நகத்திலிருந்து தப்புவதற்காக அதற்கு வாய்த்த தந்திரம் அது. முடி மீண்டும் வளரும். நம்பிக்கை வளர அதைவிட நாளாகும். குழந்தைகள் மாலைதோறும் தரையில் கால்நீட்டி அமர்ந்து, ஒன்றும் செய்யாமல் காத்திருக்கக் கற்றார்கள். மூன்றாம் வாரம் அது மகளின் மடியில் தானாக ஏறி, சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அன்று அவள் இரவுணவைக்கூட மறந்துவிட்டாள்.

குளிப்பாட்டவும் கூடாது. அத்தனை அடர்ந்த முடிக்குள் புகுந்த நீர் எளிதில் உலராது. குளிர்ந்து நோயுறும், தோலில் பூஞ்சை பற்றும். மலையில் அது எரிமலைச் சாம்பல் படிந்த நுண்புழுதியில் புரண்டு தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். அதற்கென்றே விற்கப்படும் மாவு போன்ற மணலை ஒரு கிண்ணத்தில் இட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பத்து நிமிடம் வைக்கிறோம். அதற்குமேல் விட்டுவைத்தால் தோல் வறண்டுவிடும். முதல் முறை வைத்தபோது மிளகு உள்ளே குதித்து, பம்பரம்போல் சுழன்று, புழுதி மண்டலத்துக்குள் மறைந்தே போனது. எண்ணெயும் ஈரமும் மணலோடு ஒட்டிக்கொண்டு உதிர, வெளியே வந்தபோது அதன் முடி புதுப் பஞ்சாக விரிந்திருந்தது.

மகன் மதரஸாவில் அப்போதுதான் தயம்மும் பாடம் படித்திருந்தான். “அதுக்குத் தண்ணி கிடைக்கலையா வாப்பா?” என்றான். தண்ணீர் இருக்கிறது, அதைத் தொட்டால் அதற்கு நோய் வரும் என்றேன். “அப்போ சரிதான். நோயாளிக்கும் தயம்மும் உண்டுன்னு உஸ்தாத் சொன்னாங்க.” தயம்மும் என்பது நிய்யத்தோடு முகத்தையும் கைகளையும் தடவுவது, இப்படிப் புரண்டெழுவது அல்ல என்று திருத்தினேன். ஆனால் தண்ணீர் கிடைக்காதவனுக்கு மட்டுமன்றி, தண்ணீரால் கேடு வருபவனுக்கும் மண் தூய்மையாகும் என்ற சட்டத்தை அவன் மறக்கப்போவதில்லை. மதரஸாவில் எங்களுக்கு இப்பாடத்தை நடத்தியபோது இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது உணவு. நம் ஊரில் அன்பு என்றால் ஊட்டுவது. ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்ணும்போது பக்கத்தில் இருப்பவரின் பக்கம் இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுவதில் வளர்ந்தவர்கள் நாம். சின்சில்லாவோ நாள் முழுதும் உலர்ந்த புல்லைத் தின்ன வேண்டிய உயிர். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கரடான புல்லை ஓயாமல் அரைத்தால்தான் தேயும். புல் குறைந்தால் கடைவாய்ப் பற்கள் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வலியால் உண்பதை நிறுத்திவிடும். உண்பது நின்றால் குடலின் அசைவும் நின்றுவிடும். அதற்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்தாகலாம். திமோத்திப் புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும்; அதனுடன் ஒரு கரண்டி குச்சித் தீவனம், சுத்தமான நீர், கடிக்க ஆப்பிள் மரக் குச்சி. அவ்வளவே. உலர்திராட்சையும் கொட்டைகளும் அது விரும்பி உண்ணும். அவற்றின் சர்க்கரையும் கொழுப்பும் அதன் குடலுக்குக் கேடு.

ரமழானில் இது எங்களுக்குச் சோதனையாகவே வந்தது. மஃக்ரிப் நேரம் சின்சில்லா விழித்தெழும் நேரம். நாங்கள் பேரீச்சம்பழத் தட்டைச் சுற்றி அமர்ந்திருக்க, கூண்டின் கம்பிகளைப் பற்றி நிமிர்ந்து நின்று, மீசை துடிக்க எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். “ஒரே ஒரு துண்டு, வாப்பா. நாமெல்லாம் நோன்பு திறக்கிறோம், அது மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கு” என்று மகள் கெஞ்சுவாள். அதன் பங்கு புல்தான் என்று சொல்லி, புதுப் புல் ஒரு கைப்பிடி எடுத்து அவள் கையிலேயே கொடுப்பேன். நோன்பு திறந்தவுடன் புல் வைப்பது அவள் கடமையாயிற்று. பின்னிரவில் ஸஹருக்கு எழும்போதும் அது விழித்திருக்கும். அந்தியிலும் வைகறையிலும் நடமாடும் உயிருக்கு எங்கள் ரமழான் கால அட்டவணை மிகப் பொருந்திப்போனது. தெருவே உறங்கும் அவ்வேளையில் அடுக்களைக்குள் நாங்கள் உண்ணும் ஓசையும் பின்னறையில் அது புல்லை நறுக்கும் ஓசையும் மட்டும் கேட்கும். பகல் முழுதும் அது உறங்கும். குழந்தைகள் பள்ளி விட்டு வந்ததும் தட்டி எழுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

தொழும் அறைக்குள் அதை விடுவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பிராணிகளின் எச்சம் நஜீஸ் என்பதால் கூண்டைத் துப்புரவு செய்யத் தனி உடை வைத்திருக்கிறேன். எச்சம் உலர்ந்த சிறு மணிகளாகவே இருக்கும், வாடையும் இல்லை. அந்த மணிகளை நாள்தோறும் கவனிக்கச் சொன்னார் கால்நடை மருத்துவர்: சிறுத்தாலோ குறைந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அடுக்களைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து எடையும் பார்க்கிறோம். நோயை மறைத்துக்கொள்வது இரையாகும் பிராணிகளின் இயல்பு. எடைதான் பொய் சொல்லாது.

அப்படியாயின் இதைக் கூண்டில் வைத்திருப்பது தகுமா? நண்பர் ஒருவர் இதை நேராகவே கேட்டார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாமனைவரும் அறிவோம். அவள் அதற்கு உணவும் தரவில்லை, பூமியில் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்துவிடவும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அப்பெண்ணுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் அவள் அடைத்தாள். மிளகின் விஷயத்தில் இரண்டாவது வழி தொடக்கத்திலேயே இல்லை. கூண்டைத் திறந்து இங்கிலாந்துத் தோட்டத்தில் விட்டால் மழையில் நனைந்தோ நரியின் வாயிலோ ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆண்டிஸ் மலைக்கும் அது திரும்ப முடியாது. அதன் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன்பே மலையை மறந்துவிட்டனர். மீதமிருப்பது ஒரே வழி என்னும்போது, அதில் குறை வைக்க நமக்கு இடமில்லை.

மறுபக்கம் நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூஉமைர் ஒரு குருவி வைத்திருந்ததும், அது இறந்தபோது நபியவர்கள் அச்சிறுவனிடம் கனிவோடு விசாரித்ததும் உண்டு. அந்த ஒரு நிகழ்விலிருந்து ஏறத்தாழ அறுபது படிப்பினைகளை ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தொகுத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். வளர்ப்பது கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் என் கருத்து ஒன்றுண்டு: கடையில் புதிதாக வாங்குவதும் காப்பகத்திலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. முன்னது இன்னொரு குட்டியைக் கூண்டுக்காகப் பிறக்கச் செய்கிறது. பின்னது ஏற்கெனவே கூண்டில் இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. குட்டி வேண்டும் என்று கேட்டுவந்த இரு குடும்பங்களுக்கு நான் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 18, 19 தேதிகளுக்கு வானிலை ஆய்வு மையம் கடும் வெப்பத்துக்கான சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. இந்நாட்டு வரலாற்றில் அத்தகைய எச்சரிக்கை அதுவே முதல் முறை. காயல்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு நாற்பது பாகை என்பது மே மாதத்தின் மறுபெயர். ஆனால் சின்சில்லாவுக்கு இருபத்தைந்து பாகையைத் தாண்டினாலே இடர் தொடங்கிவிடும். அதற்கு வியர்ப்பதில்லை, ஆகவே மின்விசிறி பெரிதும் பயன்தராது. நனைக்கவும் கூடாது. முடியைக் கழற்றவும் வழியில்லை. பெரிய செவிகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்றே அதற்கு இயலும். செவி சிவந்தால் அபாயம்.

இங்குள்ள வீடுகளில் குளிர்சாதனம் அரிது. கடைகளில் கேட்டபோது கையிருப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது என்றார்கள். நூறாண்டுப் பழமையான எங்கள் வரிசைவீட்டுக்கு அடியில், முன்னர் நிலக்கரி கொட்டிவைத்த நிலவறை ஒன்று இருக்கிறது. ஞாயிறன்று நானும் மனைவியும் அதைக் கூட்டிப் பெருக்கி, சுவரைத் துடைத்து, கூண்டின் பாதியைக் கழற்றி இறக்கினோம். கருங்கல் பலகை ஒன்றைக் கூண்டுக்குள் வைத்தோம். உறையவைத்த நீர்ப்புட்டிகளைத் துணியில் சுற்றிக் கம்பிகளுக்கு வெளியே அடுக்கினோம். வெப்பமானியைச் சுவரில் தொங்கவிட்டோம்.

திங்கள் மாலை மேலே கூடத்தில் முப்பத்திரண்டு, கீழே இருபத்திரண்டு. செவ்வாயன்று அண்டை மாவட்டமான லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவாயிற்று. இந்நாடு அதுவரை கண்டிராத வெப்பம். கதவு திறக்கும்போதெல்லாம் அனல் படியிறங்கி வந்தது. பிற்பகல் நான்கு மணிக்கு நிலவறை இருபத்தைந்தைத் தொட்டது. மிளகு கற்பலகையின்மேல் வயிறு படிய, நான்கு கால்களையும் பரப்பிப் படுத்திருந்தது. செவிகளில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. மகன் நிலவறைப் படியில் அமர்ந்து, தனக்குத் தெரிந்த துஆக்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓதிக்கொண்டிருந்தான். தூங்குவதற்கான துஆவும் வாகனத்தில் ஏறும் துஆவும் அதில் அடக்கம். மனைவி புட்டிகளை மாற்றினாள். நான் தண்ணீர்க் குழாயை அதன் வாயருகே நீட்டியபடி இருந்தேன். அது குடிக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு இறங்கி வந்தபோதும் அதே கிடப்பு. மஃக்ரிபுக்குச் சற்று முன் எழுந்து உட்கார்ந்தது. முகத்தைக் கைகளால் துடைத்துக்கொண்டது. பிறகு, எதுவும் நடவாததுபோல, புல்லில் நல்ல தண்டாகப் பார்த்து ஒன்றை உருவிக் கடிக்கத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ். அந்த நறுக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே மூவரும் நிலவறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

உம்மாவின் அழைப்பு அப்போதுதான் வந்தது. இங்கிலாந்தில் வெயிலால் ரயில் ஓடவில்லை என்று தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் நலமா, தண்ணீர் குடிக்கிறார்களா, நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடு என்றெல்லாம் சொல்லிவிட்டு, “அந்த எலி எப்படி இருக்கு?” என்றார்கள். நலம் என்றேன். “அதுக்கு ஈரத் துணி போர்த்திவிடு” என்றார்கள். சரி உம்மா என்றேன், போர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமைத் தராசில் இருபத்திரண்டு கிராம் குறைந்திருந்தது. அடுத்த வெள்ளியில் பதினைந்து மீண்டது. ஆகஸ்டு நடுவில் பழைய எடை. நிலவறையை இனிக் காலியாகவே வைத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டோம், சுண்ணாம்பு அடித்தாயிற்று.

டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். இடம் மாற்றினால் அதற்கு அச்சம் என்பதால் கூண்டு இங்கேயே இருக்கும்; வேறொருவர்தான் வந்து பார்க்க வேண்டும். எங்கள் ஜமாஅத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், ஈரோட்டுக்காரர், முன்வந்திருக்கிறார். செவ்வாய், சனி மாலைகளில் வந்து மணல் குளியலுக்கும் எடை பார்ப்பதற்கும் பழகிக்கொள்கிறார். மகள் அவருக்காக ஒரு தாளில் எழுதிக் கூண்டுக்கு மேல் ஒட்டியிருக்கிறாள்: புல் எப்போதும், தீவனம் ஒரு கரண்டி, மணல் பத்து நிமிடம். அதன் கீழே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு: பேரீச்சம்பழம் கேட்டால் கொடுக்கக் கூடாது.